கொக்குக்கு ஒரு கேமரா

அக்கா ஜப்பானுக்குப் போவதைத் தடுத்து நிறுத்தத்தான் நான் சிங்கப்பூருக்குப் போனேன். ஊரில் கேட்டவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. "அக்காகூட பனி பாக்கப் போறேன்" என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, கம்பளிச் சட்டையும் கையுறையுமாகப் பெட்டியை அடைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து கிளம்பினேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் அத்தானிடமிருந்து போன் வந்தது. "செல்வி, டாக்டர் ஃப்ளைட்டே ஏறக் கூடாதுன்னுட்டாரு. நான் சொன்னா உங்கக்கா காதுல வாங்க மாட்டேங்கறா. நீ சொன்னா கேப்பா. வந்து பக்குவமா எடுத்துச் சொல்லும்மா" என்றார். குரல் எதிரொலித்தது. குளியலறைக்குள் நின்று பேசுகிறார் என்று புரிந்தது.

நான் கணக்கு டீச்சர். பக்குவமாக எடுத்துச் சொல்வது என் பாடத்திட்டத்திலேயே கிடையாது. விடை தப்பு என்றால் சிவப்பு மையில் சுழித்துப் பழகிய கை. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

வசந்தா அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணமாகி சிங்கப்பூருக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தானுக்கு ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. அக்கா ஈசூனில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் புற்று என்றார்கள். மருந்து ஏற்றும் அறையில் அவள் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்ததாம். வெள்ளை வெளேரென்ற பனியில், தலையில் சிவப்புப் பொட்டு வைத்தாற்போல இரண்டு கொக்குகள் எதிரும் புதிருமாக ஆடுகிற படம். ஒவ்வொரு தடவையும் மருந்து இறங்கி முடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இதெல்லாம் முடிஞ்சதும் நாம அங்க போறோம்டி. நீயும் வர்ற" என்று அங்கிருந்தே எனக்குப் போன் செய்வாள்.

எல்லாம் முடிந்தது என்றும் சொன்னார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. பிறகு மழைக்காலத்தில் புற்று கல்லீரலில் வந்து உட்கார்ந்தது.

விமான நிலையத்துக்கு அத்தான் வந்திருந்தார். டாக்சியில் வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் மரங்கள் வெட்டிச் சீர்செய்து நின்றன. எங்கள் ஊரில் மரத்துக்கு இவ்வளவு கவனிப்பு கிடைத்தால் அது கட்சியில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அத்தானைச் சிரிக்கவைக்கலாம் என்று இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு ஒண்ணும் கேக்காத. நாளைக்கு மெதுவா ஆரம்பி" என்றார்.

அக்காவைப் பார்த்ததும் அழக்கூடாது என்று விமானம் முழுக்க என்னை நானே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவள் கம்பிக் கதவைத் திறந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள், "வந்துட்டியா? உள்ள வா. லென்ஸ் மாத்துற கேமராவா, மாத்தாத கேமராவா? நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டாள். அழ மறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வரை யூடியூபில் கேமரா வீடியோதான் ஓடியது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் கேமராவைக் கிண்டிக் கிளறிப் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அக்கா பக்கத்திலிருந்து எனக்குத் தமிழில் சொன்னாள். "கொக்கு தூரத்துல நிக்கும்டி. கிட்டப் போக விட மாட்டாங்க. போன்ல எடுத்தா எறும்பு மாதிரி விழும். நல்ல கேமரா வேணும். ஆனா வெயிட்டா இருக்கக் கூடாது. குளிர்ல பேட்டரி சீக்கிரம் செத்துரும், அதையும் பாக்கணும்." எனக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு செல்போனோடு சரி. அதிலும் என் விரல் விழாத படம் அபூர்வம். அத்தான் அடுப்படியில் நெத்திலிச் சம்பல் வதக்கிக்கொண்டு, அவ்வப்போது தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நான் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினோம். ஈசூன் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும், மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் நான் உள்ளே பாய்ந்தேன். திரும்பிப் பார்த்தால் கதவு மூடிவிட்டது. அக்கா வெளியே நிற்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி ஏதோ சொன்னாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், மறு ரயில் பிடித்துத் திரும்பி வந்தேன். அவள் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து போனில் லென்ஸ் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த ரயில் ரெண்டு நிமிஷத்துல வரும், நானே வர்றேன்னு சொன்னேன். அதுக்குள்ள நீ ஏன்டி இங்க வந்த?" என்றாள்.

அடுத்த ரயிலில் ஒரு மலாய்ப் பெண் எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தாள். "உட்காருங்கம்மா, நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன்" என்று மலாயில் சொன்னாளாம். அக்கா உட்கார்ந்துகொண்டு என் காதில், "பொய் சொல்லுது. இறங்காது பாரு" என்றாள். அந்தப் பெண் இறங்கவே இல்லை. முக்காடு கலையாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள்.

சிராங்கூன் சாலையில் பொங்கல் அலங்கார வளைவுகளை இன்னும் கழற்றவில்லை. சாம்பிராணி, மல்லிகை, வறுத்த மிளகாய் எல்லாம் கலந்து அடித்தது. எங்கள் கீழவாசல் கடைத்தெருவைத் தேய்த்துக் குளிப்பாட்டி நிறுத்தினாற்போல இருந்தது அந்த இடம். அக்கா பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். நிற்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு வைத்திருந்தாள். பூக்கடையில் விலை கேட்டாள். வாழைப்பழத்தைத் தொட்டுப் பார்த்தாள். சேலை கட்டிய பொம்மைக்கு முன்னால் நின்று, "இந்தக் கலர் எனக்கு நல்லாவா இருக்கும்?" என்றாள். நானும் பதில் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றேன்.

எல்லாச் சாமானும் விற்கிற ஒரு கடையின் மாடியில் கேமராப் பிரிவு இருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஓடி வந்தார். "மகனுக்கா ஆன்ட்டி?"

"எங்களுக்குத்தான் தம்பி" என்றாள் அக்கா.

"பிகினர்னா இது போதும் ஆன்ட்டி. பை ஃப்ரீ, ஸ்டாண்டு ஃப்ரீ, எல்லாம் வருதுலா" என்றார், சிங்கப்பூர் "லா" போட்டு.

"கொக்கு எவ்வளவு பெருசா விழும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "கொக்கா?" என்றார்.

"நூறு மீட்டர் தள்ளி நிக்கிற கொக்கு."

பாவம், அவர் ஒரு குட்டி லென்ஸை முறுக்கி முறுக்கிக் காட்டினார். அக்கா அதை என் கையில் கொடுத்து, "பிடிச்சுப் பாரு. உன் கைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். அவள் கைக்குப் பலம் இல்லை, அதனால் என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் பார்த்துவிட்டு, "யோசிச்சிட்டு வர்றோம் தம்பி" என்று எழுந்தாள்.

பக்கத்துத் தேக்கா சந்தையின் உணவுக்கடைகளில் எனக்கு ஆட்டிறைச்சி பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். அவள் முன்னால் ஒரு தோசை. ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர, வாய்க்குள் ஒன்றும் போகவில்லை. "நீ தின்னு. நீ திங்கறதப் பாத்தா எனக்கு வயிறு நிறையுது" என்றாள். இங்கேதான் சொல்ல வேண்டும், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அக்கா, இந்தப் பயணம்..." என்று ஆரம்பித்தேன். "கேமராவுக்குள்ள இருக்கிற சென்சார் பெருசுன்னா லென்ஸும் பெருசாயிடும்டி. நமக்குச் சின்ன சென்சார்தான் சரி" என்றாள் அவள். நான் எலும்பைக் கடிக்கத் தொடங்கினேன்.

சாயங்காலம் அத்தான் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணாலேயே கேட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள், சிட்டி ஹால் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்துக்குப் போனோம். தளம் தளமாகக் கேமராக் கடைகள். வீட்டில் ஒரு பவுன் தோடு வாங்கினால்கூட நாலு கடை ஏறி இறங்குகிற வம்சம் நாங்கள். அங்கே ஏழெட்டுக் கடை ஏறினோம். கடைசியில் ஒரு சீனக் கிழவரின் கடையில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். அவருக்குப் பொறுமை கிடையாது. "என்ன எடுக்கணும்? ஆளா, ஊரா, பறவையா? அதை முதலில் சொல்" என்று ஆங்கிலத்தில் அதட்டினார். பறவை என்றதும் ஒரு பெரிய லென்ஸை எடுத்துக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தார். ஒரு சாண் சுரைக்காய் அளவு இருந்தது.

அக்கா அதைத் தூக்கினாள். லென்ஸின் முனை மேலும் கீழும் ஆடுவதைக் கிழவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்தார். "இதற்குள்ளேயே கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி இருக்கிறது. யார் சுமப்பது?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள்.

கடை வாசலில் நின்று, எதிரே தெருவுக்கு அப்பால் இருந்த பெயர்ப்பலகையை அதன் வழியாகப் பார்க்கச் சொன்னாள். "படி." எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி வேறு இடித்தது. "அவளுக்குச் சரியாத் தெரியல" என்று அக்கா கிழவரை உலுக்கி எடுத்துவிட்டாள். கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அவரவர் பார்வைக்கு ஏற்ப அதைத் திருப்பி வைக்கலாம். கிழவர் திருப்பத் திருப்ப, பலகையின் எழுத்துகள் துலங்கி வந்தன. ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். "அப்பிடியே வச்சிருங்க, மாத்த வேணாம்" என்றாள் அக்கா.

நீயும் பார் என்று கேமராவை அவளிடம் நீட்டினேன். "நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பணம் கட்டப் போனாள். குளிருக்கென்று கூடுதலாக ஒரு பேட்டரியும் வாங்கினாள். பேட்டரியைச் சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கிழவர் சொன்னதை எனக்கு இரண்டு முறை சொன்னாள்.

நாலாம் நாள் காலையில் அக்கா சேலை கட்டிக்கொண்டாள். கேமராவைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிற வழக்கம் இங்கேயும் இருக்கிறது. அக்கா மிக்சிக்கே சந்தனம் வைக்கிறவள். கேமராவை விடுவாளா?

சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கி, தேங்காய் பழத் தட்டில் கேமராவையும் வைத்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒருவர் கார் சாவியோடு நின்றார். எங்கள் முறை வந்தது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

"செல்வி. உத்திரட்டாதி" என்றாள் அக்கா.

நான் அவள் முழங்கையைத் தொட்டேன். "உன் பேரச் சொல்லுக்கா."

"வச்சிக்கிறவங்க பேருக்குத்தானே பண்ணணும்" என்றாள், என்னைத் திரும்பிப் பாராமல்.

குருக்கள் என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொல்லி மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். அந்த மணிச்சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. உன் கைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டது, என் கண்ணுக்குச் சக்கரத்தைத் திருப்பி வைத்தது, தான் ஒரு தடவைகூட அதன் வழியாகப் பார்க்காதது. கற்பூரத் தட்டு வந்தபோது என்னால் கையை நீட்ட முடியவில்லை. அக்காவே தொட்டு என் கண்ணில் ஒற்றினாள்.

வெளியே வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் நான் வெடித்துவிட்டேன். "போகலன்னு எப்பக்கா முடிவு பண்ணுன?"

"ரிப்போர்ட் வந்த அன்னைக்கே. நான் என்ன பச்சப் புள்ளையா? அவரு பாத்ரூம்ல பூந்துக்கிட்டு உனக்குப் போன் பண்ணுனாரே, எனக்குக் கேக்காதா? இந்த வீட்டுச் சுவரு அட்டை மாதிரி."

"அப்ப ஏன் அவருகிட்ட போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டிருக்க?"

"போகலன்னு சொல்லிருந்தா நீ வந்திருப்பியா? என் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து மூக்க உறிஞ்சத்தான் வந்திருப்ப. கேமராவ கையால தொட்டிருப்பியா?"

"இப்பவும் தொட மாட்டேன். உன்ன இப்பிடி விட்டுட்டு நான் ஊர் சுத்தப் போவேனா? நான் போகல."

அக்கா காபிக் குவளையை ஓங்கி வைத்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் பாக்க முடியாது, அது என் தலையெழுத்து. நீயும் பாக்கலன்னா எனக்கு வந்த சீக்கு உன்னையும் பிடிச்சுதுன்னு அர்த்தம். கணக்கு டீச்சர்தானே, போட்டுப் பாருடி. ஒரு ஆளு பாக்காம இருந்தா போதாதா, ரெண்டு ஆளு எதுக்கு?" அவளுக்கு மூச்சு வாங்கியது. குரலைத் தாழ்த்தி, "எனக்கு அந்தக் கொக்கப் பாக்கணும் செல்வி. சுவத்துல மாட்டுன படம் யாரோ எடுத்தது. நீ எடுத்துக்கிட்டு வந்தா நான் பாத்த மாதிரி" என்றாள்.

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. கடை என்பதால் இரண்டையும் செய்யவில்லை. போகிறேன் என்று சொன்னேன்.

அத்தானிடம் அன்றே சொன்னோம். அவர் "என்கிட்ட சொல்லிருக்கலாம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் பெட்டியில் கையுறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார்.

ஐந்தாம் நாள் எனக்குப் பயிற்சி. கிராஞ்சிக்கு அப்பால் சதுப்புநிலத்தில் கொக்குகள் வரும் என்று அக்கா என்னை டாக்சியில் அழைத்துப் போனாள். போய்ப் பார்த்தால், தஞ்சாவூர் வயலில் மாட்டு முதுகில் நிற்குமே, அதே வெள்ளைக் கொக்கு. "இதுக்கா சிங்கப்பூர் வந்தேன்?" என்றேன். "இதையே உனக்கு எடுக்கத் தெரியுதான்னு பாப்போம்" என்றாள்.

தெரியவில்லை. நிழல்குடையின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் அதிகாரம் செய்தாள். "பாதி அழுத்து. பச்சைக் கட்டம் வந்துச்சா? இப்ப முழுசா அழுத்து." நான் அழுத்தும்போது கொக்கு பறந்துவிட்டிருந்தது. வெறும் சேறு, வெறும் வானம், ஒரு இறக்கையின் நுனி, ஒரு ஜோடிக் கால்கள். ஒவ்வொன்றையும் அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கொக்கு தலைய வீட்டுலயே வச்சிட்டு வந்துருச்சா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், இருமல் வந்து கண்ணீர் வழியும்வரை சிரித்தாள். அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது கேமராவை அவள் பக்கம் திருப்பினேன். கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையைக் காட்டினாள். "என்ன எடுக்க வேணாம். இந்த மூஞ்சிய நானே கண்ணாடியில பாக்கறதில்ல."

திரும்பும்போது டாக்சி கிடைக்கவில்லை. அங்கே பேருந்து எப்போது வரும் என்பது பேருந்துக்கே வெளிச்சம். வெயிலில் நிறுத்தத்தில் நின்றோம். தொழிலாளர்களை ஏற்றிய ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "அக்கா, பஸ்ஸு இப்பத்தான் போச்சு! அந்தப் பக்கம் மரத்தடியில போய் நில்லுங்க, இங்க வெயிலு!" என்று நம்மூர்த் தமிழில் கத்திவிட்டுப் போனார். அக்கா அவருக்குக் கையை ஆட்டினாள். மரத்தடியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலையில் புதிதாக முளைத்திருந்த முடி என் கழுத்தில் குத்தியது.

நான் ஜப்பானுக்குக் கிளம்பிய அன்று அக்கா விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தாள். "தினமும் போன்ல அனுப்பாத. அதுல பாத்தா சின்னதாத் தெரியும், எனக்குப் பிடிக்காது. வந்து கேமராவுலயே காட்டு" என்று கண்டிப்பாகச் சொன்னாள். சரி என்றேன். அழாமல் உள்ளே போய், சோதனைக்கு நிற்கும் வரிசையில் அழுதேன். முன்னால் நின்ற பெண் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

ஜப்பானைப் பற்றித் தனியாக எழுதலாம். எழுதுவேனா என்று தெரியாது. தனியாகப் போன ஐம்பத்தொரு வயது கணக்கு டீச்சருக்குக் குளிரில் முட்டி பிடித்துக்கொண்டது. எடுத்த பனியெல்லாம் முதலில் சாம்பல் நிறமாக விழுந்தது. அதை வெளுப்பாக்க என்ன செய்வது என்று இரண்டு நாள் தெரியவில்லை. நாலாம் நாள் காலையில் கொக்குகள் வருகிற வயலுக்குப் போனேன். பெரிய பெரிய லென்ஸோடு நின்ற ஜப்பான் கிழவர்கள் எனக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். இரண்டு கொக்குகள் ஒன்றுக்கொன்று தலை வணங்கின. பிறகு ஒன்று குதித்தது. மற்றதும் குதித்தது. நான் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்ததும் முழுசாக அழுத்தினேன். இரண்டும் காற்றில் இருந்தன. அலகிலிருந்து மூச்சு புகையாகப் போனது. பனி வெள்ளையாக விழுந்திருந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

திரும்பி சிங்கப்பூரில் இறங்கியபோது அத்தான் மட்டும் வந்திருந்தார். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வலிக்கு மட்டும்தான் மருந்து கொடுக்கிறார்கள் என்றார். பெட்டியோடு நேராக அங்கே போனோம்.

விழித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "எங்க?" என்றாள். கேமராவை எடுத்தேன். அத்தான் எங்களைத் தனியாக விட்டுவிட்டு, காபி வாங்கி வருவதாகக் கீழே போனார். கட்டிலில் அவளை ஒட்டி உட்கார்ந்து, "கொக்கு படத்த முதல்ல காட்டறேங்க்கா" என்று பொத்தானை வேகமாகத் தள்ளப் போனேன். அவள் என் விரலைப் பிடித்தாள்.

"முதல்லேருந்து காட்டு. நீ ஏர்போர்ட்ல இறங்குனதுலேருந்து."

"அது சும்மாக்கா. ரோடு, ரூமு..."

"கொக்கு எங்கயும் பறந்து போயிராது. நானும் உன்கூட வரிசையா வர்றேன். தாண்டாத."

முதல் படத்திலிருந்து காட்டினேன். விமான நிலையத்தில் குடித்த காபி. பேருந்து ஜன்னல். "பனி ஏன்டி அழுக்கா இருக்கு?" என்றாள். விடுதி அறை, என் செருப்பு. பாலத்தில் ஒரு நாய். அதையே ரொம்ப நேரம் பார்த்தாள். "குளிருமேடி அதுக்கு." தெருவோரத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கிற ஆள். அதற்கு அடுத்தது ஒரு நூடுல்ஸ் கிண்ணம், மேலே பாதி முட்டை, ஓரத்தில் என் விரல். "திங்கறதுக்குன்னே போயிருக்கா பாரு" என்று சிரித்தாள். அடுத்த படத்துக்குப் போகாமல் காத்திருந்தேன். அவள் கண் மூடியிருந்தது. தூங்கட்டும், எழுந்ததும் மீதியைப் பார்க்கலாம் என்று கேமராவை அணைத்தேன்.

அவள் அப்புறம் சரியாக விழிக்கவில்லை. கூப்பிட்டால் புருவம் அசையும், அவ்வளவுதான். நான் கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொக்குப் படத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தும் பார்த்தேன். "அக்கா, கொக்கு வந்துருச்சு. பாருக்கா" என்று சொன்னேன். நர்ஸ் வந்து என் தோளில் கை வைத்தாள். மறுநாள் விடிவதற்குள் அக்கா போய்விட்டாள். நூடுல்ஸ் கிண்ணம் மூன்றாம் நாள் சாயங்காலம் எடுத்தது. கொக்கு நாலாம் நாள் காலையில்தான் வருகிறது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, ஒரு மத்தியானம் நானும் அத்தானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவர் சோபாவின் ஓரத்தில், அவள் உட்காருகிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"செல்வி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் காபி வாங்கப் போனப்ப... கொக்கு பாத்தாளா?"

"பாத்தாங்க அத்தான்" என்றேன்.

"என்ன சொன்னா?"

"ரெண்டும் ஒண்ணாக் குதிக்குதேன்னு சொன்னாங்க. நல்லா எடுத்திருக்கடின்னாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. "எனக்கும் காட்டும்மா. கொக்கு மட்டும் போதும்" என்றார்.

"இல்ல அத்தான். முதல்லேருந்து பாருங்க" என்று சொல்லி, அந்தக் காபிப் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.